ரோடு போட யார் வீட்டுக் காசு?

எங்கள் தெருவில் ஒவ்வோர் அரையாண்டும் ஒரே நாடகம்தான். வரி வசூலுக்கு வரும் தம்பி கையில் ரசீது மெஷினோடு எதிர்வீட்டு முகப்பில் வந்து நிற்பார். ஆச்சி திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே, "மொதல்ல ரோட்டைப் போட்டுட்டு வாங்க தம்பி, வரி தாரேன்" என்பார்.

"ரோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை ஆச்சி."

"அப்ப இதை எதுக்குத்தான் வாங்குறீங்க?"

தம்பி சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார். பாவம், இருட்டுவதற்குள் அவருக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி. ஆனால் ஆச்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டாமா? வீட்டு வரி, வண்டி வாங்கும்போது கட்டுகிற சாலை வரி, பெட்ரோலில் பிடிக்கிற வரி, டோல்கேட்டில் கழிகிற காசு எல்லாம் ஒரே உண்டியலில் விழுந்து, அதிலிருந்து அள்ளி ரோடு போடுகிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டீக்கடையில் நடக்கும் ரோட்டுச் சண்டைகளுக்கெல்லாம் இதுதான் அடிப்படை. உண்மையில் இருப்பது பல பைகள். ஒன்றின் காசை இன்னொன்றின் செலவுக்கு எடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம்.

திருப்பணியும் நித்திய பூஜையும்

ரோட்டைக் கொஞ்சம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவோம். செட்டிநாட்டில் இந்தக் கணக்கு தெரியாத வீடு கிடையாது.

கோயிலுக்கு இரண்டு வகைச் செலவு. கோபுரத்தைப் பழுதுபார்ப்பது, மண்டபம் கட்டுவது, கும்பாபிஷேகம் நடத்துவதெல்லாம் திருப்பணி. பெரிய தொகை, பல வருஷத்துக்கு ஒருமுறை வரும். இன்னொன்று அன்றாடச் செலவு. விளக்குக்கு எண்ணெய், நைவேத்தியத்துக்கு அரிசி, குருக்களுக்குச் சம்பளம். தொகை சின்னதுதான், ஆனால் ஒரு நாளும் நிற்காது.

நம் பெரியவர்கள் இரண்டுக்கும் ஒரே பையில் கை விடவில்லை. திருப்பணி என்றால் அதற்கென்று தனியாக நன்கொடை திரட்டினார்கள். பூஜைக்குக் கட்டளை எழுதிவைத்தார்கள்: நிலமோ முதலோ ஒதுக்கி, அதில் வரும் வருமானத்தில் பூஜை நடக்க வேண்டும் என்ற ஏற்பாடு. இது போகப் புள்ளி வரி. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில் கணக்கில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று வசூல். வியாபாரத்தில் இத்தனை பங்கு என்று பொதுக் காரியத்துக்கு எடுத்துவைப்பது மகமை.

ஊர் நிர்வாகமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது, பெயர்கள்தான் வேறு. புது ரோடு, பாலம், தண்ணீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை மாதிரி ஒருமுறை செய்து பல வருஷம் பயன்படுத்துகிறவற்றுக்கு ஆகும் செலவு மூலதனச் செலவு. இது திருப்பணி. சம்பளம், கரண்ட் பில், குப்பை வண்டிக்கு டீசல் என்று தினமும் கரைவது வருவாய்ச் செலவு. இது நித்திய பூஜை.

திருப்பணிக் காசு சில சமயம் தனி மனிதர் கையிலிருந்தும் வரும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். ஆனால் அன்றிலிருந்து அதை நடத்திவருவது வருஷா வருஷம் அரசு ஒதுக்கும் நிதி. வள்ளல் கட்டிக்கொடுக்கலாம், கரண்ட் பில்லையும் அவரே கட்டிக்கொண்டிருக்க முடியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கட்டுவதற்கான காசு ஒரு பை, நடத்துவதற்கான காசு இன்னொரு பை. ஆச்சியிடம் கேட்கப்படும் வரி இதில் எந்தப் பைக்குப் போகிறது?

வீட்டு வரி எங்கே கரைகிறது

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. தேவகோட்டை நகராட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் பேரூராட்சிகள். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து உள்ளாட்சி என்று ஒரு பொதுப் பெயர். உள்ளாட்சியின் சொந்த வருமானத்தில் முக்கியமானது சொத்து வரி, அதாவது நாம் வீட்டு வரி என்று சொல்வது. கட்டடத்தின் பரப்பு, இருக்கும் தெரு, வயது, குடியிருப்பா கடையா என்பதையெல்லாம் பார்த்து இதைப் போடுகிறார்கள்.

பரப்பு என்று வந்துவிட்டால் செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீடு வருஷத்தில் பத்து நாள் திறந்தால் பெரிது. பூட்டிக் கிடந்தாலும் பரப்பு பரப்புதான். தமிழ்நாட்டில் 2018-ல் வரியை உயர்த்தி, 2019-ல் நிறுத்திவைத்து, கடைசியில் 2022 ஏப்ரலில் மறுபடி உயர்த்தினார்கள். குடியிருப்புகளில் 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம் ஏற்றம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். வளவு வீடுகள் எந்த வரிசையில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, கட்டிய காசு எங்கே போகிறது? முதலில் ஒரு சின்னக் கிளை: சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு என்று நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள், அது நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடும். மீதியை ஒரு கற்பனை ஊரை வைத்துப் பார்ப்போம். 8,000 வீடு, வீட்டுக்குச் சராசரியாக வருஷம் 1,500 ரூபாய் வரி என்றால் 1 கோடியே 20 லட்சம் வசூலாகும். ஒருவர்கூட பாக்கி வைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம் (கற்பனை ஊர்தானே). அந்த ஊரில் தெருக்கூட்டிக் குப்பை அள்ள 100 பேர், ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம். வருஷத்துக்கு 1 கோடியே 80 லட்சம். வந்த வரி இந்த ஒரு செலவுக்கே போதவில்லை. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை, தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் ஓடவில்லை.

தொழில் வரி, கடை வாடகை, பேருந்து நிலையக் கட்டணம் என்று வேறு வரவுகளும் உண்டுதான். அதையெல்லாம் சேர்த்தாலும் நம் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு நித்திய பூஜையே இழுபறி. ஆகவே வசூல் தம்பி ஆச்சியிடம் சொன்னது பொய்யில்லை. வீட்டு வரி ரோட்டின் விலை கிடையாது. ஆனால் "சம்பந்தமே இல்லை" என்றாரே, அது தப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அது யார் ரோடு?

ரோட்டைப் பற்றிப் புகார் சொல்வதற்கு முன்னால் அதன் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போவது தேசிய நெடுஞ்சாலை, மத்திய அரசின் பொறுப்பு. மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஊருக்குள் இருக்கும் தெருக்கள் உள்ளாட்சியுடையவை. கிராமத்துச் சாலைகளை ஊராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் பார்க்கின்றன. கிராமத்து இணைப்புச் சாலைகளுக்கென்று 2000-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டமும் இருக்கிறது.

ஒரே ரோட்டில் பைக்கில் போகும்போது திடீரென்று வழுவழுப்பு முடிந்து குலுங்க ஆரம்பிக்கும், கவனித்திருப்பீர்கள். அநேகமாக அங்கே ஒரு சொந்தக்காரரின் எல்லை முடிந்து இன்னொருவரின் எல்லை தொடங்கியிருக்கும்.

வண்டி வாங்கும்போது கட்டும் சாலை வரி மாநில அரசின் பொதுக் கஜானாவுக்குப் போகிறது. பெயரில் சாலை இருப்பதால் உங்கள் தெருவுக்கு அதில் தனி உரிமை எதுவும் வந்துவிடாது. பெட்ரோல், டீசலில் பிடிக்கும் சாலைத் தீர்வை மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதிக்குப் போய், பெரும்பாலும் நெடுஞ்சாலைகளுக்கும் ரயில் பணிகளுக்கும் பிரிகிறது.

மேலேயிருந்து வரும் காசு

1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு 18 வகை வேலைகளைப் பட்டியல் போட்டது. சாலைகளும் பாலங்களும் அதில் உண்டு. ஆனால் எந்த வரியை உள்ளாட்சி வசூலிக்கலாம் என்பதை மாநில அரசுதான் தீர்மானிக்கிறது. பெரிய வரிகளெல்லாம் டெல்லியிலும் சென்னையிலும் இருக்கின்றன. சமையல்காரரை வைத்துவிட்டு மளிகைச் சாவியைக் கொடுக்காத கதைதான். அதனால் மேலே வசூலான காசைக் கீழே பிரித்துக்கொடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்தப் பங்கு போடுகிற வேலைக்குத்தான் நிதிக் குழு. மாநிலத்துக்குள் பங்கைச் சொல்வது மாநில நிதிக் குழு. அதன்படி தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. நாடு முழுவதுக்குமான மத்திய நிதிக் குழு சொல்கிறபடி டெல்லியிலிருந்தும் பணம் வருகிறது. கோயில் கணக்கில் சொன்னால் வீட்டு வரி புள்ளி வரி மாதிரி, இது மகமை மாதிரி. ஊர் உலகத்தில் வியாபாரம் நன்றாக நடந்தால் பங்கும் கூடும்.

ஆனால் இப்படி வருகிற காசில் நிபந்தனை ஒட்டிக்கொண்டே வரும். திருப்பித் தர வேண்டாத, ஆனால் இன்னதற்குத்தான் என்று சொல்லிக் கொடுக்கும் பணம் நிபந்தனை மானியம். 2021 முதல் 2026 வரைக்குமான 15-ஆவது நிதிக் குழு, சின்ன நகரங்களுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடச் சொன்னது. எனவே ஓர் ஊரின் கணக்கில் கோடி ரூபாய் கிடக்கும், அதே ஊரின் ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கும், யாரும் காசைத் தின்றிருக்க மாட்டார்கள். (எப்போதும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை.)

வீட்டு வரிக்கும் ரோட்டுக்கும் உள்ள சம்பந்தம் இந்த இடத்தில்தான் வருகிறது. அதே நிதிக் குழு இன்னொரு நிபந்தனையும் போட்டது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதாரம் வளர்கிற வேகத்துக்கு வளர வேண்டும், இல்லையென்றால் மானியம் கிடையாது. 2022-ல் தமிழ்நாடு வரியை உயர்த்தியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆச்சி கட்டுகிற வரி நேராகத் தாராக மாறவில்லை. மேலே இருக்கும் பையைத் திறக்கிற சாவியாக இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொத்து கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையோடு 2 சதவீத மேல்வரி உண்டு, அது உள்ளாட்சிகளுக்கானது. சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஒன்று இருக்கிறது. "எம்.எல்.ஏ. போட்ட ரோடு" என்று சொல்வது இந்தக் காசைத்தான், அவர் வீட்டுக் காசை அல்ல. நமக்கு நாமே திட்டத்தில் ஊர்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். மகமை பழகிய ஊர்களுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது.

கடன், நமக்குத் தெரியாததா

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன ஊர்களில் கடனைப் பற்றி வகுப்பு எடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் ஊர் வாங்கும் கடன் பலருக்குப் புரிவதில்லை. "நகராட்சியே கடன் வாங்குதாம், திவாலாகிவிட்டது போல" என்று ஒருவர் என்னிடம் கவலைப்பட்டிருக்கிறார். அவரே வங்கிக் கடனில்தான் வீடு கட்டினார்.

பதினைந்து வருஷம் உழைக்கும் ஒரு வேலைக்கு முழுக் காசையும் இந்த வருஷ வரியிலிருந்தே எடுத்தால், இன்று வரி கட்டுகிறவர் எல்லாச் சுமையையும் சுமப்பார், பத்து வருஷம் கழித்துக் குடிவருகிறவர் சும்மா அனுபவிப்பார். கடன் வாங்கித் தவணையாகக் கட்டினால் அனுபவிக்கிறவர்கள் அந்தந்த வருஷம் கட்டுகிறார்கள். 1 கோடி ரூபாயை 8 சதவீத வட்டிக்கு 15 வருஷத் தவணையில் வாங்கினால் வருஷத்துக்குச் சுமார் 11 லட்சத்து 47 ஆயிரம் கட்ட வேண்டும், மொத்தம் 1 கோடியே 72 லட்சம் வரும். அந்த 72 லட்சம் காத்திருக்காமல் இப்போதே செய்துகொள்வதற்கான விலை. ஆனால் ஐந்து வருஷத்தில் பெயர்ந்துபோகிற தார் ரோட்டுக்குப் பதினைந்து வருஷக் கடன் வாங்கினால், ரோடு போன பிறகும் பத்து வருஷம் தவணை ஓடும். செத்த மாட்டுக்குப் புல் வாங்கிப் போடுகிற கணக்கு அது.

யார் கடன் கொடுக்கிறார்கள்? இதற்கென்றே தமிழ்நாட்டில் நிறுவனங்கள் இருக்கின்றன, 1996-ல் உருவான தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் அவற்றில் ஒன்று. இன்னொரு வழி கடன் பத்திரம்: ஒரே இடத்தில் வாங்காமல், தொகையைப் பல பத்திரங்களாகப் பிரித்துச் சந்தையில் விற்று, வாங்கியவர்களுக்கு வட்டி கொடுத்து, தவணை முடிந்ததும் முதலைத் திருப்பித் தருவது. 1998-ல் அகமதாபாத் மாநகராட்சி அரசு உத்தரவாதம் இல்லாமலேயே 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றது. நம் பக்கத்தில் மதுரை 2001-ல் சாலைப் பணிக்காகப் பத்திரம் வெளியிட்டது. 2025-ல் சென்னை மாநகராட்சியின் பத்திரம் தேசியப் பங்குச் சந்தைக்கு வந்தது.

புதுவயல் மாதிரி ஒரு பேரூராட்சி தனியாகப் பத்திரம் விற்கப் போனால் யார் வாங்குவார்கள்? தமிழ்நாடு 2002-03-ல் இதற்கு ஒரு வழி கண்டது. பத்துக்கும் மேற்பட்ட சிறிய ஊர்களின் குடிநீர், வடிகால் தேவைகளை ஒன்றாகச் சேர்த்து, அத்தனைக்கும் பொதுவாக ஒரே பத்திரம் விற்றார்கள். தனியாகப் போனால் கடன் கிடைக்காத பத்து பேர் கூட்டாகப் போவது மாதிரி.

கடன் கொடுக்கிறவர் பார்ப்பது ஒன்றைத்தான், பழைய வட்டிக் கடையில் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தவர் பார்த்ததும் அதையேதான்: வாங்குகிறவரின் நாணயம். ஊரின் நாணயம் வரி வசூல் கணக்கில் தெரியும். பாதி வீடு பாக்கி வைத்திருக்கிற ஊருக்கு வட்டி ஏறும், அல்லது கடனே கிடைக்காது. அப்புறம், ரோடு சம்பாதிக்காது. தண்ணீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மாதக் கட்டணம் வசூலித்துக் கொடுக்கும். அதனால் அவற்றுக்குக் கடன் கிடைப்பது கொஞ்சம் சுலபம். சென்னை ஓரத்தில் ஆலந்தூரில் பாதாளச் சாக்கடை வந்தபோது வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத் தொகையாக மக்களே முன்கூட்டிக் கட்டினார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு அதுவே பெரிய நம்பிக்கை.

சுருக்கமாக: மானியம் திருப்பித் தர வேண்டாதது, ஆனால் நிபந்தனை உண்டு. கடனைத் திருப்பித் தர வேண்டும், திருப்பித் தருகிறவர் நாளைக்கு வரி கட்டப் போகிற நாம்தான்.

சம்பாதிக்கிற ரோடு

ரோடு சம்பாதிக்காது என்றேன், அதற்கு விதிவிலக்கு டோல்கேட். காரைக்குடியிலிருந்து திருச்சிக்குக் காரில் போனால் லெம்பலக்குடியில் ஃபாஸ்டாக் ஒரு தடவை கத்தும். நெடுஞ்சாலையில் சில இடங்களில் தனியார் கம்பெனியே காசு போட்டு ரோடு போட்டு, குறிப்பிட்ட காலம் சுங்கம் வசூலித்து எடுத்துக்கொண்டு, பிறகு அரசிடம் ஒப்படைக்கும். 2016-லிருந்து ஒரு கலப்பு முறையும் வந்திருக்கிறது: செலவில் 40 சதவீதத்தை வேலை நடக்கும்போதே அரசு கொடுத்துவிடும், மீதியைக் கம்பெனி போடும், அதை அரசு பின்னால் தவணைகளாகத் திருப்பித் தரும். இந்த முறையில் சுங்கம் அரசுக்குப் போகிறது. எந்த முறையானாலும் அந்தக் காசு நெடுஞ்சாலைக் கணக்கிலேயே சுற்றும், நம் தெருமுனைக்கு வராது.

புது நகர் ரோடு யார் போட்டது?

ஊரைச் சுற்றிப் பொட்டலெல்லாம் மனையாகி, வண்ணக் கல் நட்டுப் புதுப்புது நகர்கள் முளைக்கின்றன. அங்கே ரோடு போட்டவர் யார்? முறையாக அனுமதி வாங்கிய மனைப்பிரிவு என்றால் மனை விற்கிறவரே தெருவுக்கு இடம் விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் கையிலிருந்தா செலவழிப்பார்? சதுர அடி விலையில் அது ஏறிவிடும். புது நகரின் முதல் ரோட்டுக்குக் காசு கொடுத்தவர் மனை வாங்கியவர்தான்.

அனுமதி இல்லாத மனை விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் இந்தச் செலவு அதில் சேராததுதான். 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு வழிவிட்டது. அப்போது கட்டணம் கட்டிய பலருக்குத்தான் ஒரு விஷயம் புரிந்தது: அன்றைக்கு மிச்சமான காசு வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

காணாமல் போகும் படிகள்

இந்த விஷயத்தில் என் சொந்த எரிச்சல் ஒன்று உண்டு. எங்கள் வீட்டை உயரமான அடித்தளத்தில் கட்டியிருந்தார்கள், நம் பக்கத்து வழக்கப்படி. என் சின்ன வயதில் முகப்புக்கு ஏற ஐந்து படி இருந்தது. இப்போது இரண்டு. மூன்று படிகளை ரோடு விழுங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டதன் பலன். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார்.

காசுக் கணக்கில் பார்த்தால் இதற்கு ஒரு காரணம் தெரிகிறது. புது ரோடு போடுவது மூலதனச் செலவு. அதற்குத் திட்டம் உண்டு, மானியம் உண்டு, திறப்பு விழா உண்டு. குழியை அடைப்பதும் வாய்க்காலைத் தூர்வாருவதும் வருவாய்ச் செலவு. அதற்கு எந்தப் பெரிய திட்டமும் வருவதில்லை, வீட்டு வரிப் பையிலிருந்து எடுக்க வேண்டும், அந்தப் பையோ குப்பை வண்டியிலேயே காலி. ஆகவே சின்னக் குழியை அடைக்கக் காசில்லாமல், ரோடு முழுதும் பாழாகும்வரை காத்திருந்து, புதிதாக ஒன்று போடுகிறார்கள். கும்பாபிஷேகத்துக்குக் கோடி சேர்த்துவிட்டு, மறுநாள் விளக்குக்கு எண்ணெய் இல்லாத கோயில் மாதிரி.

போன மாதம் எங்கள் தெருவில் வேலை தொடங்கியது. முனையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். திட்டத்தின் பெயர், நிதியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, வேலை முடிய வேண்டிய தேதி எல்லாம் அதில் இருந்தன. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். அடுத்த வருஷம் குழி விழுந்தா யார் காசுல அடைக்கிறதுன்னு இதுல எங்க போட்டிருக்கு?"

பலகையின் பின்பக்கமும் போய்ப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆச்சி அந்த அரையாண்டு வரியை முதல் மாதத்திலேயே கட்டி, 5 சதவீதத் தள்ளுபடியையும் வாங்கிக்கொண்டார்.